அந்த மேசையில் பெற்றோருக்கு இடம் வந்த கதை



அமெரிக்காவில் இருக்கும் நம் பிள்ளைகள் சிலருடைய வீட்டில், படிப்பில் கூடுதல் உதவி தேவைப்படும் குழந்தைகள் உண்டு. அவர்களுக்காகப் பள்ளியில் நடக்கும் ஐஇபி மீட்டிங்குக்குப் போய்வந்தவர்கள், "எதிரே ஆறேழு பேர் உட்கார்ந்திருந்தார்கள் சார், சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு வந்தோம்" என்கிறார்கள். சரித்திரப் பாடம் நடத்தியவன் என்பதால், அந்த மீட்டிங்கின் சரித்திரத்தைச் சொல்கிறேன். அது தெரிந்தால், போகும்போது கையில் என்ன இருக்க வேண்டும் என்பதும் விளங்கிவிடும்.

1970 வாக்கில் அமெரிக்காவிலேயே இந்தக் குழந்தைகளுக்குப் பள்ளிக் கதவு சரியாகத் திறக்கவில்லை. ஐந்து வயதுக்குரிய மனவளர்ச்சி இல்லாத பிள்ளையைச் சேர்க்க மறுக்கலாம் என்று பென்சில்வேனியாவில் சட்டமே இருந்தது. பெற்றோர் சங்கம் ஒன்று 1971-இல் கோர்ட்டுக்குப் போனது. மாநில அரசு இறங்கிவந்து, எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கல்வி தர ஒப்புக்கொண்டது.

அடுத்து வாஷிங்டன் நகரில் மில்ஸ் வழக்கு. பணம் போதவில்லை என்றது கல்வி வாரியம். பணத் தட்டுப்பாட்டின் சுமையை இந்தக் குழந்தைகள் தலையில் அதிகமாக ஏற்றக்கூடாது என்று 1972-இல் தீர்ப்பளித்தார் நீதிபதி ஜோசப் வாடி.

இதன் தொடர்ச்சியாக 1975 நவம்பர் 29 அன்று அதிபர் ஃபோர்டு ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். நாட்டில் 10 லட்சம் குழந்தைகள் பொதுப் பள்ளிக்கு வெளியே நிற்கிறார்கள் என்று அந்தச் சட்டமே எழுதிவைத்தது. ஒவ்வொரு குழந்தைக்கும் எழுத்தில் தனித் திட்டம், ஆண்டுக்கு ஒரு முறையாவது மறுபரிசீலனை, திட்டம் போடும் மேசையில் பெற்றோருக்கு இடம் என்பதெல்லாம் அதில் வந்தவை. ஆகவே நீங்கள் அங்கே விருந்தாளி அல்ல. அந்தக் குழுவில் ஒருவர்.

பின்னால் வந்த இரண்டு தீர்ப்புகளை மனதில் வையுங்கள்.

2005-இல் ஷாஃபர் வழக்கு. திட்டம் சரியில்லை என்று முறையிடுபவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். நியூயார்க், நியூஜெர்சி போன்ற மாநிலங்கள் தனிச்சட்டத்தால் அந்தப் பொறுப்பைப் பள்ளியின் மேல் வைத்தன. மற்ற பல இடங்களில் முறையிடுவது பெரும்பாலும் பெற்றோர்தான் என்பதால், காகிதம் இல்லாதவர் பாடு திண்டாட்டம்.

2017-இல் எண்ட்ரூ வழக்கு. கொலராடோவில் ஆட்டிசம் உள்ள ஒரு பையனுக்கு ஆண்டுதோறும் கிட்டத்தட்ட அதே இலக்குகளைத்தான் எழுதிக்கொடுத்தார்கள். பெற்றோர் பழைய திட்டத்தையும் புதியதையும் ஒப்பிட்டுப் பார்த்துக் கேள்வி கேட்டார்கள். பெயருக்குக் கொஞ்சம் முன்னேற்றம் போதாது, அந்தக் குழந்தையின் நிலைக்கு ஏற்ற உண்மையான முன்னேற்றத்தைத் திட்டம் குறிவைக்க வேண்டும் என்று நீதிபதிகள் அனைவரும் ஒருமனதாகச் சொன்னார்கள்.

இனி நீங்கள் செய்ய வேண்டியவை:

1. ஒரு ஃபைல் போடுங்கள். பரிசோதனை அறிக்கைகள், பழைய ஐஇபி, பள்ளியுடன் நடந்த கடிதப் போக்குவரத்து எல்லாம் தேதிவாரியாக இருக்கட்டும். பள்ளியிலுள்ள பதிவேடுகளைப் பார்க்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. மீட்டிங்குக்கு முன்பே கேளுங்கள்.

2. சென்ற ஆண்டு இலக்குகளையும் இந்த ஆண்டு இலக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். "வாசிப்பு மேம்படும்" என்றிருந்தால், எவ்வளவு, எப்போது, எப்படி அளப்பீர்கள் என்று கேளுங்கள்.

3. வீட்டில் பிள்ளை தானாகச் செய்வது என்ன, எங்கே தடுமாறுகிறது என்று ஒரு பக்கம் எழுதி எடுத்துப்போங்கள். அதை உங்களைவிட அறிந்தவர் அந்த அறையில் இல்லை.

4. தனியாகப் போகாதீர்கள். குழந்தையை அறிந்த ஒருவரை அழைத்துப்போகலாம். ஆங்கிலம் சிரமமென்றால் மொழிபெயர்ப்பாளரைப் பள்ளியே ஏற்பாடு செய்ய வேண்டும்.

5. அவசரக் கையெழுத்து வேண்டாம். வாய்ச்சொல்லாகச் சொன்னதை அன்றிரவே மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிடுங்கள்.

சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. பெரும்பாலான ஆசிரியர்கள் நல்லது செய்யவே விரும்புவார்கள். தயாராக வந்த பெற்றோர் அவர்களுக்கும் உதவிதான். உங்களுக்குத் தெரிந்த யாராவது இப்படி ஒரு மீட்டிங்குக்குப் போகவிருந்தால், இதை அவர்களுக்கு அனுப்பிவையுங்கள்.