வட்டக்களரியும் மண்டபச் சுவரும்

1961இல் அம்பாறை தனி மாவட்டமாகும் வரை கிழக்கிலங்கைக் கரையோர ஊர்களான கல்முனையும் கோமாரியும் மட்டக்களப்பு மாவட்டத்திலேயே அடங்கியிருந்தன. இக்கரையோரத்தின் ஆற்றுகைக் கலைகள் நெடுங்காலம் சுவரின்றியே வளர்ந்தவை. தமிழ்க் கிராமங்களில் கூத்து, நாற்புறமும் மக்கள் சூழ்ந்த வட்டக்களரியில் விடிய விடிய ஆடப்பட்டது. முஸ்லிம் ஊர்களில் பொல்லடி எனும் கம்பாட்டம் திறந்த வெளியிலேயே நிகழ்ந்தது. வெட்டவெளியில் போன ஒலி மீள்வதில்லை என்பதால், கூத்தர் பாடிய அடியைப் பிற்பாட்டுக்காரர் மீளப் பாடும் மரபு, ஆடுவோருக்கு மூச்சுவிட அவகாசம் தந்ததோடு, மண்டபத்தில் சுவர் செய்யும் வேலையையும் ஓரளவு செய்தது எனலாம்.

1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் ‘கர்ணன் போர்’ (1962), ‘இராவணேசன்’ (1964) முதலியவற்றைத் தயாரித்து, இரவு முழுதும் நீண்ட கூத்தை ஒருபுறம் மட்டும் பார்க்கும் படச்சட்ட மேடைக்கேற்பச் சுருக்கியமைத்தபோது, அது மூடிய மண்டபங்களுக்குள் நுழையும் வழியும் திறந்தது.

மண்டபத்தின் வழவழப்பான தட்டைச் சுவர், கண்ணாடி ஒளியைத் திருப்புவதுபோல் ஒலியை ஒரே திசையில் திருப்புகிறது. நேரே வரும் ஒலியைவிட ஏறத்தாழ 17 மீற்றர் கூடுதலாகப் பயணித்து அது செவியை அடைந்தால், பின்னடைவு ஒரு விநாடியின் இருபதில் ஒரு பங்காகி, சொல் இரட்டிக்கத் தொடங்கும். எதிரெதிரான இரு தட்டைச் சுவர்களுக்கிடையே கூத்தின் தாளக்கருவியான சல்லரியின் கூரிய தட்டு மாறிமாறி மோதிப் படபடக்கும். மேடுபள்ளமுள்ள பரப்போ ஒலியை விழுங்காமலே பல திசைகளுக்குச் சிதறடிக்கிறது, இதுவே ஒலிப்பரவல். ஆனால் பள்ளம் ஒலியலையின் நீளத்தோடு ஒப்பிடத்தக்க அளவில் இருக்க வேண்டும்: 500 ஹேர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 69 சென்ரிமீற்றர் ஆதலால், விரற்கடை ஆழமுள்ள சாந்து வேலைப்பாடு அதற்குப் பெரிதும் பயன்படாது.

வியன்னாவின் மியூசிக்பெராயின் மண்டபத்திலும் (1870) பொஸ்ரன் சிம்பொனி மண்டபத்திலும் (1900) சிலைகளும் கட்டங்கட்டமாகக் குழிகள் அமைந்த விதானமும் ஒலியைப் பரப்பும் வேலையைச் செய்தன. நவீனக் கட்டடக்கலை அலங்காரத்தைக் களைந்தபோது, பரவலும் கூடவே களையப்பட்டது. 1975இல் ஜெர்மானிய இயற்பியலாளர் மான்பிரெட் ஷ்ரோடர் எண்கோட்பாட்டின்படி ஆழம் மாறும் பள்ளங்களை வகுத்துக்காட்ட, 1983இல் திறக்கப்பட்ட வெலிங்டன் மைக்கேல் பௌலர் மண்டபத்தில் அவ்வகைப் பலகைகள் பொருத்தப்பட்டன.

எனினும் அம்மண்டபங்கள், வாத்தியக் குழு ஓரிடத்தில் அமர்ந்து இசைப்பதை மனத்திற்கொண்டவை. கூத்தரோ ஆடிச் சுழன்றபடி பாடுவதால் குரல் கணத்துக்குக் கணம் வேறு சுவரை நோக்கும். ஆகவே கூத்துக்கென எழும் மண்டபத்தில் பின்சுவரை மட்டும் பண்படுத்துவது போதாது, மேடையின் பக்கச் சுவர்களுக்கும் அதே மேடுபள்ளம் வேண்டும்.