தாயின் மானம், மகனின் தேவாலயம்

பழைய தில்லியின் காஷ்மீர் வாயிலுக்கு அருகே, நடுவில் பெரிய குவிமாடம் தாங்கிய புனித யாக்கோபு தேவாலயம் நிற்கிறது. அதைத் தம் சொந்தப் பணத்தில் கட்டியவர் கர்னல் ஜேம்ஸ் ஸ்கின்னர். தில்லி மக்கள் அவரைச் 'சிக்கந்தர் சாகிப்' என்றே அழைத்தனர். ஸ்காட்லாந்துக் குடும்பப் பெயர் ஊரார் நாவில் திரிந்து, அலெக்சாந்தரைக் குறிக்கும் பாரசீகப் பெயராகிவிட்டது.

ஸ்கின்னரின் வரலாற்றைக் குதிரைப்படைச் சாகசமாகச் சொல்வதே வழக்கம். ஆனால் அது தொடங்க வேண்டிய இடம் போர்க்களமன்று. 1790இல் ஒரு வீட்டினுள் நிகழ்ந்த மரணம்.

தந்தை ஹெர்குலிஸ் ஸ்கின்னர், கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அதிகாரி. தாய், போஜ்பூர்ப் பகுதி ஜமீன்தார் ஒருவரின் மகள், ராஜபுத்திரர் குலம். காசி மன்னர் சேத் சிங்குடன் நடந்த போரில், பதினான்கு வயதில் சிறைப்பட்டு அந்த அதிகாரியிடம் வந்து சேர்ந்தவர் என்று மகனே எழுதியுள்ளார். சேத் சிங்கின் எழுச்சி 1781இல் நிகழ்ந்தது. மகன் பிறந்ததோ 1778இல். குடும்பக் கதைகளில் ஆண்டுகள் இடம் மாறுவது புதிதன்று. தாய் சிறைப்பட்டு வந்தவர் என்பதை மகன் மறைக்கவில்லை என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது. இவ்வுறவைத் 'திருமணம்' என்று எளிதில் சொல்லிக் கடந்துவிட இயலாது.

மூன்று ஆண்களும் மூன்று பெண்களுமாக ஆறு பிள்ளைகள். பெண்மக்களைப் பள்ளிக்கு அனுப்பத் தந்தை முடிவு செய்தார். ஆங்கிலேய வழக்கப்படி அது மகளுக்குச் செய்யும் நன்மை. ராஜபுத்திரத் தாய்க்கோ, அது பர்தாவைக் கிழித்துக் குலமானத்தைத் தெருவில் வைக்கும் செயல். அவர் சொல் எடுபடவில்லை. 1790இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். மகனுக்கு அப்போது வயது பன்னிரண்டு.

இத்தகைய குடும்பங்கள் கம்பெனிக்குப் புதியவையல்ல. 1687இல் கம்பெனியின் இயக்குநர்கள் சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டைக்கு எழுதிய கடிதத்தில், தங்கள் படைவீரர்கள் உள்ளூர்ப் பெண்களை மணப்பதை ஊக்குவிக்கச் சொன்னார்கள். அவ்வாறு பிறக்கும் குழந்தைக்குத் திருமுழுக்கு நடந்தால் தாய்க்கு ஒரு பகோடா நாணயம் அளிக்கவும் கூறினார்கள். நூறாண்டுக்குச் சற்று மேல் கழிந்தபின் காற்று திசை மாறியது. 1791இல், இந்தியத் தாய்க்குப் பிறந்தவருக்குக் கம்பெனியின் குடிமைப் பணியும் இல்லை, படை அதிகாரிப் பதவியும் இல்லை என்று விதி வந்தது. பகோடா கொடுத்து வளர்த்த உறவின் பிள்ளைகளுக்கு வாயிற்கதவு அடைக்கப்பட்டது.

ஆகவே இளம் ஸ்கின்னரைக் கல்கத்தாவில் ஓர் அச்சகத்தில் தொழில் பழக விட்டார்கள். மூன்று நாளில் ஓடிவிட்டார். பின்னர், ஞானத்தந்தையான கர்னல் பர்ன் தந்த பரிந்துரைக் கடிதத்துடன், சிந்தியாவின் படையை நடத்திய சவோய் நாட்டுத் தளபதி த புவாஞிடம் சென்று சேர்ந்தார். 1800இல் உனியாராப் போரில் படுகாயமுற்றுக் களத்திலேயே கிடந்தார். சமார் சாதிப் பெண் ஒருத்தி வந்து ரொட்டியும் தண்ணீரும் கொடுத்தாள். ஸ்கின்னர் வாங்கி உண்டார். அருகில் கால் இழந்து கிடந்த ராஜபுத்திர சுபேதார், சாதி கெடும் என்று தண்ணீரைக்கூட மறுத்துவிட்டார். தாயின் குலத்தவர் ஒருவர் தாகத்தோடு கிடக்க, அந்தக் குலத்தாயின் மகன் நீரருந்திப் பிழைத்தார். பிழைத்தால் தேவாலயம் கட்டுவேன் என்று அவர் நேர்ந்துகொண்டது அந்தக் களத்தில்தான்.

1803இல் மராட்டியருக்கும் ஆங்கிலேயருக்கும் போர் மூண்டது. ஆங்கிலேயத் தந்தைக்குப் பிறந்தவர் என்று மராட்டியப் படை ஸ்கின்னரை விலக்கியது. இந்தியத் தாய்க்குப் பிறந்தவர் என்று கம்பெனி முன்னரே விலக்கியிருந்தது. ஜெனரல் லேக் அழைத்தபோது, உப்பிட்ட சிந்தியாவுக்கு எதிராகப் போரிட மாட்டேன் என்ற நிபந்தனையோடுதான் சென்றார். கம்பெனியின் முறையான படைக்குப் புறத்தே அவர் திரட்டிய மஞ்சள் சீருடைக் குதிரைப்படை, இன்றும் இந்திய இராணுவத்தில் 'ஸ்கின்னர் குதிரைப்படை' என்ற பெயரில் இருக்கிறது.

அவர் மனம் சரளமாக எழுதிய மொழி பாரசீகம், ஆங்கிலமன்று. 1825இல் ஹான்சியில் 'தஷ்ரீஹுல் அக்வாம்' என்னும் நூலை முடித்தார். இந்துஸ்தானத்தின் சாதிகளையும் குலங்களையும் ஓவியங்களுடன் விவரிக்கும் நூல் அது. எந்தக் குலத்திலும் இடம் கிடைக்காத ஒருவர், எல்லாக் குலங்களையும் வரிசைப்படுத்த அமர்ந்தார்! தம் வாழ்க்கைக் குறிப்பையும் பாரசீகத்திலேயே எழுதினார். நண்பர் வில்லியம் பிரேசரின் அண்ணன் ஜேம்ஸ் பெய்லி பிரேசர் ஆங்கிலத்தில் ஆக்கி 1851இல் இலண்டனில் வெளியிட்ட பின்னரே, அவருடைய தந்தைவழி நாட்டார் அதைப் படிக்க முடிந்தது.

இல்லறமும் அவ்வாறே. அந்தப்புரம் வைத்து வாழ்ந்தார். மனைவியர் பதினான்கு பேர் என்பது தில்லியின் ஊர்ப்பேச்சு. அவர்களுள் முஸ்லிம் பெண்கள் இருந்தனர். தாயைக் கொன்றது பர்தா என்று அவர் கருதியிருந்தால், தம் வீட்டில் அதை மீண்டும் நாட்டியிருக்க மாட்டார். பர்தாவை மீறத் துணிந்த தந்தையின் பிடிவாதத்தையே அவர் மனம் குற்றமாக எண்ணியிருக்கக்கூடும்.

நேர்த்திக்கடன் முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின் நிறைவேறியது. 1836 நவம்பர் 21 அன்று கல்கத்தா ஆயர் டேனியல் வில்சன் தேவாலயத்தை அர்ப்பணித்தார். அப்போதுதான், ஐம்பத்தெட்டு வயதில், தம் புதல்வர்களுடன் சேர்ந்து ஸ்கின்னர் திடப்படுத்தல் பெற்றார். வாழ்நாளெல்லாம் கிறித்தவர் என்றே கூறிக்கொண்டவர், திருச்சபையின் முழு உறுப்பினரானது தாம் கட்டிய கோயிலில்தான்.

1841 டிசம்பர் 4 அன்று ஹான்சியில் இறந்தார். முதலில் அங்கேயே அடக்கம் நடந்தது. அடுத்த மாதம் உடலைத் தோண்டியெடுத்து, அவருடைய குதிரைவீரர்கள் உடன்வரத் தில்லிக்குக் கொண்டுவந்தார்கள். 1842 ஜனவரி 19 அன்று, அந்தத் தேவாலயத்தின் பலிபீடத்தருகே புதைத்தார்கள்.