சுவருக்குள் எரிந்த விறகு: லாரி பேக்கரின் ஆற்றல் கணக்கு

‘ஆற்றல் சிக்கன வீடு’ என்னும் தொடர் இன்று பெரும்பாலும் மின்கட்டணத்தையே நினைவூட்டுகிறது. நட்சத்திரக் குறியிட்ட குளிர்சாதனம், எல்இடி விளக்கு, மொட்டைமாடியில் சூரியத் தகடு ஆகிய மூன்றோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஆனால் எந்த வீடும் தன் முதல் விளக்கு எரிவதற்கு முன்பே பெருமளவு எரிபொருளைச் செலவிட்டிருக்கிறது. செங்கற்சூளையில் விறகும் நிலக்கரியும் எரிந்திருக்கின்றன. சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல் ஏறத்தாழ 1450 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுடப்பட்டிருக்கிறது. இவ்வாறு கட்டுமானப் பொருள்களுக்குள் முன்கூட்டியே செலவாகிவிட்ட ஆற்றலை ‘உட்பொதிந்த ஆற்றல்’ என்பர். அந்தக் கணக்கை இந்தியாவில் வீடு கட்டும் பணியின் மையத்தில் வைத்தவர்களுள் முதன்மையானவர் லாரி பேக்கர்.

1917இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பிறந்த பேக்கர், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பம்பாயில் காந்தியைச் சந்தித்தார். ஒரு வீட்டுக்கு வேண்டிய பொருள்கள் அதனைச் சுற்றி ஐந்து மைல் தொலைவுக்குள் கிடைக்க வேண்டும் என்ற காந்தியின் கருத்தை அவர் வாழ்நாள் முழுதும் நினைவுகூர்ந்தார். 1945இல் தொழுநோய் மருத்துவப் பணிக்காக இந்தியா திரும்பியவர், இமயமலைப் பகுதியான பித்தோராகட்டில் மனைவி எலிசபெத்துடன் பல ஆண்டுகள் வாழ்ந்தார். உள்ளூர்க் கல்லையும் மண்ணையும் மரத்தையும் கையாளும் முறையை அவர் அங்கிருந்த கொத்தனார்களிடமே கற்றார். 1960களில் கேரளம் சென்று, பின்னர் திருவனந்தபுரத்தில் நிலைபெற்றார்.

அவருடைய உத்திகள் எளியவை. எலிப்பொறிக் கட்டில் செங்கற்கள் படுக்கையாக அல்லாமல் பக்கவாட்டில் நிறுத்திவைக்கப்படுகின்றன. சுவரின் நடுவே வெற்றிடம் உருவாகிறது; ஏறத்தாழ கால் பங்கு செங்கல் மிச்சமாகிறது; வெற்றிடத்தில் அடைபட்ட காற்று வெப்பம் உட்புகுவதைக் குறைக்கிறது. கான்கிரீட் கூரையின் அடிப்பகுதியிலுள்ள கான்கிரீட் பாரம் தாங்குவதில் பெரும்பங்கு வகிப்பதில்லை. இழுவிசையை ஏற்பது கம்பியே. ஆகவே அவ்விடத்தில் பழைய மங்களூர் ஓடுகளைப் பதித்துக் கான்கிரீட்டைக் குறைத்தார். சன்னல்கள் பலவற்றுக்கு மாற்றாகச் செங்கற்களை இடைவெளி விட்டு அடுக்கிய துளைச்சுவரை அமைத்தார். அது வெளிச்சத்தை வடிகட்டும், காற்றைத் தடுக்காது. சுவர்களைப் பூசாமல் விட்டதும் அழகுணர்ச்சிக்காக மட்டுமன்று. பூச்சுக்கான சிமெண்டும் மிச்சமாயிற்று.

பொருளியலாளர் கே. என். ராஜ் நிறுவிய வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகம் (திருவனந்தபுரம், 1970களின் தொடக்கம்) இவை அனைத்தும் ஒருங்கே அமைந்த இடம். சரிவான நிலத்தை வெட்டிச் சமப்படுத்தாமல், நின்ற மரங்களைச் சுற்றிக் கட்டடங்கள் வளைந்து செல்கின்றன. ஒரே உத்தி சுவரின் விலையையும் அறையின் வெப்பத்தையும் ஒருசேரக் குறைத்தது என்பதே இவ்வளாகம் தரும் பாடம். பேக்கரிடம் சிக்கனமும் சூழலியலும் இருவேறு துறைகளல்ல.

இருப்பினும் இந்த வரலாற்றைத் துதியாக எழுதுவது பிழையாகும். பேக்கரின் முறை பொருளைக் குறைத்து உழைப்பைக் கூட்டுவது. தேர்ந்த கொத்தனாரும் களத்திலேயே நின்று முடிவெடுக்கும் கட்டடக்கலைஞரும் அதற்குத் தேவை. வளைகுடாப் பணம் வந்தபின் கேரளத்தில் கூலி உயர்ந்தது. பூசி வண்ணமடித்த கான்கிரீட் வீடு முன்னேற்றத்தின் அடையாளமாயிற்று. பூசாத செங்கல், சிலர் கண்ணுக்கு ரசனையாகவும் வேறு சிலர் கண்ணுக்கு வறுமையாகவும் தெரிந்தது. ஆற்றலைச் சேமிப்பது எது என்னும் வினாவுக்குள், மதிப்பைத் தருவது எது என்னும் வினா எப்போதும் ஒளிந்திருக்கிறது.

பேக்கர் மறைந்த 2007ஆம் ஆண்டிலேயே வணிகக் கட்டடங்களுக்கான ஆற்றல் சேமிப்பு விதித்தொகுப்பு வெளியானது. குடியிருப்புகளுக்கான ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’வின் முதற்பகுதி 2018இல் வந்தது. சுவரையும் கூரையையும் கடந்து வீட்டுக்குள் வரும் வெப்பத்துக்கு அது வரம்பிட்டது. அந்தச் சுவரைச் சுட்டெடுக்கச் செலவான வெப்பத்தை அது அளக்கவில்லை. 2022ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் விதித்தொகுப்பின் பெயரிலேயே ‘நீடித்த’ என்னும் அடைமொழியைச் சேர்த்தது. அச்சொல்லுக்குப் பொருள் இருக்க வேண்டுமானால், கணக்கு மின்மானியிலிருந்து அல்ல, சூளையிலிருந்து தொடங்க வேண்டும்.