பாட்சோய் கூறும் வரலாறு

பள்ளியில் வரலாறு கற்பித்த காலமெல்லாம் மன்னர் பெயரையும் போர் நடந்த ஆண்டையும் மாணவர்க்குச் சொன்னேன். குடிமக்கள் என்ன உண்டனர் என்பதைச் சொன்னேனல்லேன். அக்குறை தீரப் பிலிப்பைன்ஸ் நாட்டுச் சூப் ஒன்றைப் பற்றி இன்று கூற முற்படுகிறேன். அதன் பெயர் பாட்சோய்.

பனாய்த் தீவிலுள்ள இலோயிலோ நகரத்தின் லா பாஸ் சந்தையோடு இணைத்தே இவ்வுணவு பேசப்படுகிறது. மஞ்சள் நிற நூடுல்ஸைக் கிண்ணத்திலிட்டு, பன்றியின் ஈரல், குண்டிக்காய் முதலியவற்றை மெல்லியதாக அரிந்து அதன்மேல் வைப்பர். எலும்பை நெடுநேரம் கொதிக்கவைத்து எடுத்த சாற்றைச் சுடச்சுட ஊற்றுவர். பொரித்த பன்றித்தோலின் நொறுங்கலும், வறுத்த பூண்டும், வெங்காயத்தாளும் தூவுவர். விரும்புவோர் பச்சை முட்டையொன்றை உடைத்து ஊற்றிக்கொள்வர். புட்டோ என்னும் ஆவியில் வெந்த அரிசிமாப் பண்டத்தைத் துணையாகக் கொள்வாரும் உளர்.

இதனை முதலில் ஆக்கியவர் யார்? 1938-இல் பெடரிகோ கில்லெர்கன் ஆக்கினார் என்பர் ஒரு சாரார். 1945-இல் கடை தொடங்கிய தியோடோரோ லெபுராவைச் சுட்டுவர் மற்றொரு சாரார். சீன வணிகர் கொணர்ந்ததே என்பாரும் உண்டு. வழக்கு எவ்வாறாயினும், ‘இறைச்சி நீர்’ எனப் பொருள்படும் ஹொக்கியன் சீனச் சொல்லே பாட்சோய் ஆயிற்று என்பது பலர் கருத்து. நூடுல்ஸும் சீனர் தந்ததே.

அச்சீனர்க்கு அந்நாடு எப்போதும் நல்வரவு கூறிற்றோ எனின், இல்லை. ஸ்பானியர் ஆண்ட காலத்தில் அவர்களின்றி வணிகம் நடவாது. ஆயினும் அவர்களைக் கண்டு ஆட்சியாளர் அஞ்சினர். 1603-இல் மணிலாவில் சீனர் பல்லாயிரவர் கொல்லப்பட்டனர். கிறித்தவம் தழுவாத சீனர் வெளியேற வேண்டுமென்று 1755-இல் ஆணை நிறைவேற்றப்பட்டது. எனினும் மணிலாவின் பினோண்டோவிலும் இலோயிலோவின் மோலோவிலும் அவர்கள் குடியிருப்புகள் நிலைத்தன. உள்ளூர்ப் பெண்டிரை மணந்தனர். ஒரே அடுப்பில் இரு நாட்டுச் சமையலும் கலந்தன.

2023-இல் யுனெஸ்கோ இலோயிலோவை உணவுக்கலை நகரமாக ஏற்றது. அப்பெருமை பெற்ற முதல் பிலிப்பைன்ஸ் நகரம் அதுவே.

நேயர்களே, வெளியேறுக என்ற ஆணை ஏட்டில் இருக்கிறது. வெளியேற்றப்பட்டோர் இனத்தார் தந்த உணவோ இன்றும் லா பாஸில் கொதிக்கிறது. வகுப்பறையில் 1603-ஐச் சொல்லும் ஆசிரியர், இக்கிண்ணத்தையும் சேர்த்துச் சொல்வாராக.