பாட்டும் இரப்பும்: இந்தியத் தெருப்பாடகரும் தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியும்

முன்னுரை

2019ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மேற்கு வங்காள மாநிலத்தின் ராணாகாட் இரயில் நிலையத்தில் பாடிக்கொண்டிருந்த ராணு மண்டல் என்னும் பெண்மணியை வழிப்போக்கர் ஒருவர் கைப்பேசியில் படம்பிடித்து இணையத்தில் வெளியிட்டார். சில வாரங்களுக்குள் அவர் சோனி தொலைக்காட்சியின் ‘சூப்பர்ஸ்டார் சிங்கர்’ என்னும் சிறுவர் பாட்டுப் போட்டிக்கு விருந்தினராக அழைக்கப்பட்டார். அப்போட்டியின் நடுவருள் ஒருவரான இசையமைப்பாளர் ஹிமேஷ் ரேஷமியா அவரைத் தம் திரைப்படத்திலும் பாடச் செய்தார். அடுத்த ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள் அதே தொலைக்காட்சியின் ‘இந்தியன் ஐடல்’ போட்டியின் பதினோராம் பருவத்தில், பஞ்சாபின் பட்டிண்டா நகரில் காலணிகளுக்கு மெருகிட்டுப் பிழைத்த சன்னி இந்துஸ்தானி என்னும் இளைஞர் முதற்பரிசாக 25 இலட்சம் ரூபாய் பெற்றார். இவ்விருவருள் பின்னவர் தெருவில் உழைத்தவர். முன்னவர் தெருவிலேயே பாடியவர். இருவரையும் இந்திய ஊடகங்கள் ஒரே வகையில் கொண்டாடின: தெருவிலிருந்து மேடைக்கு உயர்ந்தவர்கள் என்று.

இக்கொண்டாட்டம் ஒரு வினாவை எழுப்புகிறது. மேடையில் பரிசுக்குரியதாகும் பாட்டு, நடைமேடையில் பாடப்படும்போது என்னவாகிறது? இந்தியச் சட்ட வரலாறு இதற்கு அளித்துள்ள விடை வியப்பளிப்பது. அங்கே பாட்டு இரத்தலுக்கான ஒரு பாசாங்கு ஆகிறது. தெருப்பாடகரை இரவலராகக் கண்ட சட்டமும், அவரை அரிய விதிவிலக்காகக் கண்டெடுக்கும் தொலைக்காட்சிப் போட்டியும் வெளித்தோற்றத்தில் எதிரெதிரானவை. எனினும், தெருவில் பாடுவது ஒரு தொழிலன்று என்னும் ஒரே கருத்தின்மீதுதான் இரண்டும் நிற்கின்றன என்பதை இக்கட்டுரை நிறுவ முற்படுகிறது.

குடியேற்ற ஆட்சியும் தெருக்கலைஞரும்

தெருவிசையை ஒழுங்குக் கேடாகக் காணும் நோக்கு ஆங்கிலேயர் தம் தலைநகரிலேயே வளர்த்துக்கொண்ட ஒன்று. இலண்டன் தெருக்களில் இசைப்போரைக் கட்டுப்படுத்த 1864ஆம் ஆண்டிலேயே தனிச்சட்டம் இயற்றப்பட்டது. இந்தியாவில் அந்நோக்கு மேலும் கடுமையான வடிவம் பெற்றது. 1871ஆம் ஆண்டின் குற்றப் பழங்குடியினர் சட்டம், ஓரிடத்தில் நிலைத்து வாழாத குழுக்களைப் பிறப்பாலேயே குற்றவாளிகளாகப் பதிவு செய்ய வழிவகுத்தது. அதன் வலையில் காலப்போக்கில் நட் முதலிய கலைக்குழுவினரும் சிக்கினர். அதே சட்டத்தின் இரண்டாம் பகுதி, இன்று நாம் திருநங்கையர் என மதிப்புடன் அழைக்கும் பிரிவினரைப் பற்றியது. அவ்வாறு பதிவு செய்யப்பட்டோர் பொதுத்தெருவில் ஆடினாலோ இசைக்கருவி வாசித்தாலோ பிடியாணையின்றிக் கைது செய்யவும் இரண்டாண்டுவரை சிறையிடவும் அது இடமளித்தது. பாட்டும் ஆட்டமும் தம்மளவிலேயே தண்டனைக்குரியவையாக எழுதப்பட்ட வெளிப்படையான சான்று இது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இந்நோக்கு இரவலர் பக்கம் திரும்பியது. வங்காளப் பஞ்சத்தின்போது, 1943இல், வங்காள நாடோடியர் சட்டம் வந்தது. 1945இல் பம்பாய், சென்னை மாகாணங்களில் பிச்சையெடுத்தலைத் தடுக்கும் சட்டங்கள் இயற்றப்பட்டன. குற்றப் பழங்குடியினர் சட்டம் 1952இல் நீக்கப்பட்டது; ஆயினும் ஊர் சுற்றி வாழ்வோரை ஐயுறும் மனப்பாங்கு அதனோடு நீங்கிவிடவில்லை.

1959: ஓர் ஆண்டு, இரு தொடக்கங்கள்

விடுதலைக்குப்பின் எழுந்த பம்பாய்ப் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டம் 1959ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பின்னர் அது டில்லிக்கும் விரிவுபடுத்தப்பட்டது. பொதுவிடத்தில் பிறரிடம் பொருள் கேட்பதும் பெறுவதும் பிச்சையெடுத்தல் என வரையறுத்த அச்சட்டம், பாடுதல், ஆடுதல், குறி சொல்லுதல், வித்தை காட்டுதல், பொருள் விற்க முன்வருதல் போன்ற எந்தப் பாசாங்கின்கீழ் அது நிகழ்ந்தாலும் பிச்சையே என்றது. ‘பாசாங்கு’ என்னும் கருத்து இவ்வரையறையில் ஆற்றும் பணி கூர்ந்து நோக்கத்தக்கது. பாட்டு நன்றாக இருந்ததா, கேட்டவர் விரும்பித்தான் காசு கொடுத்தாரா என்ற வினாக்களுக்கே அது இடமளிக்கவில்லை. குரல் எத்தகையதாயினும், தெருவில் ஒலித்து அதற்குக் காசும் பெற்றுவிட்டால் அது முகமூடியாகிவிடுகிறது. இச்சட்டத்தின்கீழ்ப் பிடியாணையின்றிக் கைது செய்யலாம். முதன்முறை தண்டனை பெறுவோரை ஓராண்டு முதல் மூன்றாண்டுவரையும், மீண்டும் மீண்டும் பிடிபடுவோரைப் பத்தாண்டுவரையும் காப்பகங்களில் அடைத்து வைக்கலாம்.

அதே 1959ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் டில்லியில் இந்தியத் தொலைக்காட்சி தன் சோதனை ஒளிபரப்பைத் தொடங்கியது. இவ்விரண்டுக்கும் நேரடித் தொடர்பில்லை. எனினும், பொதுவிடத்தில் பாடுவதை ஒரு கை ஒடுக்கத் தொடங்கிய ஆண்டிலேயே, பாட்டைப் பொதுமக்களின் வீட்டுக்குள் கொண்டு சேர்க்கும் கருவியை மற்றொரு கை நிறுவியது என்பது வரலாற்றின் முரண்களுள் ஒன்று.

பிற்காலத்திய 1989ஆம் ஆண்டின் இரயில்வே சட்டம், தன் 144ஆம் பிரிவின்வழி, இரயில் பெட்டியிலும் நிலையத்திலும் பிச்சையெடுப்பதற்கு ஓராண்டுவரை சிறைத்தண்டனை விதிக்க இடமளித்தது. வங்காள இரயில்களில் பாடிவரும் பாவுல் பாடகரும் சென்னைப் புறநகர் இரயில்களில் பாடும் பார்வையற்ற பாடகரும் தொழில் செய்துவந்தது இந்த நிழலில்தான். ராணு மண்டல் பாடிய நடைமேடையும் இச்சட்டத்தின் எல்லைக்கு உட்பட்டதே.

போட்டி மேடையின் அளவுகோல்

இந்தியத் தொலைக்காட்சியில் பாட்டுப் போட்டிகளின் காலம், ஜீ தொலைக்காட்சி 1995இல் தொடங்கிய ‘ச ரி க ம’ நிகழ்ச்சியோடு வலுப்பெற்றது. 2004இல், பிரித்தானிய ‘பாப் ஐடல்’ நிகழ்ச்சியை அடியொற்றி ‘இந்தியன் ஐடல்’ தொடங்கியது. தமிழில் விஜய் தொலைக்காட்சியின் ‘சூப்பர் சிங்கர்’ 2006இல் வந்தது. குறுஞ்செய்தி வாக்குகள் வந்தபின் நடுவரோடு நேயரும் தீர்ப்பளிப்பவராயினர். இசைக்குடும்பப் பின்னணியோ முறையான பயிற்சியோ இல்லாத எளியோர்க்கு இப்போட்டிகள் உண்மையாகவே கதவு திறந்தன என்பதை மறுத்தல் நேர்மையாகாது. சன்னி இந்துஸ்தானி பெற்ற பரிசு அதற்குச் சான்று.

ஆனால் அக்கதவின் அளவு முன்கூட்டியே வரையறுக்கப்பட்டது. இப்போட்டிகளின் அடிப்படை அளவுகோல் திரைப்படப் பின்னணிப் பாடல். ஒலிவாங்கிக்கு முன் நின்று, பெரும்பாலும் பிறர் பாடிப் புகழ்பெற்ற பாடலை, அதன் மூல வடிவத்தை நினைவூட்டும் வகையில் பாடுவதே தேர்ச்சி எனப்பட்டது. தெருப்பாடகரின் திறன் வேறு வகையானது. ஓடும் பெட்டியின் இரைச்சலை மீறிக் குரலெழுப்புதல், பயணிகளின் முகம் பார்த்துப் பாடலைத் தேர்தல், இரண்டு நிறுத்தங்களுக்கிடையே ஒரு பாடலை முடித்தல், நிற்காமல் செல்பவரை நிறுத்துதல் ஆகியன அத்தொழிலின் நுட்பங்கள். போட்டியின் மதிப்பெண் தாளில் இவற்றுக்கு இடமில்லை. பாவுல் பாடகரைப் போல் தமக்கெனப் பாடல் மரபு உடையவர்க்கும் அங்கு இடம் குறைவு. நாட்டுப்புற மேடைக் கலைஞரான செந்தில் கணேஷ் 2018இல் ‘சூப்பர் சிங்கர்’ ஆறாம் பருவத்தில் வெற்றி பெற்றது, வேறொரு பாடல் மரபையும் நேயர் ஏற்பர் எனக் காட்டியது. எனினும் அவர் முன்னரே மேடை கண்டவர்.

ராணு மண்டலின் புகழும் இந்த அளவுகோலில் பிறந்ததே. அவர் பாடியது 1972இல் வெளிவந்த ‘ஷோர்’ என்னும் திரைப்படத்தின் பாடல். அவர் குரலை மக்கள் வியந்தது அது லதா மங்கேஷ்கரின் குரலை நினைவூட்டியதால். அதனாலேயே, பிறரைப் பின்பற்றிப் பாடுவது நிலையான வெற்றியைத் தராது என்னும் பொருள்பட லதா மங்கேஷ்கர் கருத்துரைத்தபோது, உயர்த்திய அதே காரணம் அவரைத் தாழ்த்தவும் பயன்பட்டது.

போட்டியாளரின் வறுமையைக் காட்டும் குறும்படம் ஒன்று பாட்டுக்கு முன் ஒளிபரப்பாவது இந்நிகழ்ச்சிகளின் வழக்கம். அக்குறும்படத்தில் தெரு என்பது கடந்துவர வேண்டிய இருள். மேடை என்பது ஒளி. தெருவில் பாடிய காலத்தில் அவர் பாடகராக இருந்தார் என்பதை அது சொல்வதில்லை. மேடையில்தான் அவர் பாடகர் ஆகிறார். பாட்டைப் பாசாங்கு என்ற சட்டமும் வேறு சொற்களில் இதையேதான் சொன்னது.

மறக்கப்பட்ட மற்றொரு வரையறை

இந்தியச் சட்டமே தெருக்கலைஞரை வேறு விதமாகக் கண்ட இடமும் உண்டு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 1994இல் திருத்தப்பட்டபோது ‘நிகழ்த்துநர்’ என்னும் சொல்லுக்கு ஒரு வரையறை சேர்க்கப்பட்டது. நடிகர், பாடகர், இசைக்கலைஞர், நடனக்கலைஞர் ஆகியோரோடு கழைக்கூத்தாடி, செப்பிடு வித்தைக்காரர், பாம்பாட்டி ஆகியோரும் அதில் பெயர்சுட்டி இடம்பெற்றனர். அவர்கள் நிகழ்த்துவதன்மீது அவர்களுக்கு உரிமையுண்டு என அத்திருத்தம் ஏற்றது. 2012இல் அவ்வுரிமை மேலும் விரிவாக்கப்பட்டது.

ஆகவே ஒரே நாட்டின் சட்டநூலில் ஒரே மனிதர் இருமுறை வரையறுக்கப்பட்டுள்ளார். ஒரு வரையறையின்படி அவர் பாட்டு பாசாங்கு. மற்றொன்றின்படி அது அவர் உடைமை. இவ்விரண்டாம் வரையறை தெருவரை வந்து சேர்ந்ததில்லை. இரயில் நடைமேடையில் ஒருவரின் பாட்டைப் படம்பிடிப்பவர் ஓர் உரிமையாளரின் இசைவைப் பெற வேண்டியவர் என்னும் எண்ணமே பொதுமனத்தில் எழுவதில்லை. அவருக்குச் செய்வது உதவியாகவே கருதப்படுகிறது.

இடமும் தீர்ப்பும்

மேற்கு டில்லியின் ஷாதிப்பூர் பகுதியிலிருந்த கட்புத்லி குடியிருப்பு, பொம்மலாட்டக்காரர், வித்தைக்காரர், பாடகர் எனத் தெருக்கலைஞர் பல்லாண்டுகளாகக் கூடி வாழ்ந்த இடம். அங்குள்ள கலைஞர் வெளிநாட்டு விழாக்களுக்கும் இந்தியாவின் சார்பில் சென்றனர். நகர மறுசீரமைப்புத் திட்டத்திற்காக 2017இல் அக்குடியிருப்பு இடிக்கப்பட்டது. தனிக்கலைஞர் ஒருவரை மேடையேற்ற இயன்ற ஒரு சமூகம், கலைஞர் கூட்டம் ஒன்று வாழ்வதற்குரிய தெருவைக் காத்துத் தர இயலாது போயிற்று.

2018 ஆகஸ்ட் 8ஆம் நாள் டில்லி உயர்நீதிமன்றம், டில்லியில் நடைமுறையிலிருந்த பம்பாய்ச் சட்டத்தின், பிச்சையெடுத்தலைக் குற்றமாக்கிய பிரிவுகளை அரசமைப்புக்கு முரணானவை எனக் கூறி நீக்கியது. இது வரலாற்றுச் சிறப்புடைய தீர்ப்பு. எனினும் அது டில்லி எல்லைக்கு மட்டுமே உரியது. அதன் அடிப்படையும் பெரிதும் வறுமையும் வாழ்வுரிமையும் ஆகும். வறியவரை வறுமைக்காகத் தண்டிக்கலாகாது என்றது நீதிமன்றம். அது முற்றிலும் சரி. ஆனால் தெருப்பாடகரின் வழக்கு அங்கே முடிவதில்லை. அவர் வறியவர் என்பதால் மன்னிக்கப்படுவதும், பாடகர் என்பதால் மதிக்கப்படுவதும் ஒன்றல்ல.

முடிவுரை

சங்க இலக்கியம் பயிற்றுவிக்கும் நமக்கு இவ்வேறுபாடு புதிதன்று. பாணரும் பொருநரும் கூத்தரும் வழிநடந்து, பாடி, பொருள் பெற்றவர்கள். அவர்கள் பெற்றதைப் பழந்தமிழர் பரிசில் என்றனர். புறநானூற்றின் 208ஆம் பாடலில் புலவர் பெருஞ்சித்திரனார், தம்மைக் காணாமலேயே அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்தனுப்பிய பரிசிலை ஏற்க மறுக்கிறார். வறுமை அவருக்கும் இருந்தது. ஆனால் திறனறியாமல் தரப்படும் பொருள் பரிசிலாகாது என்பது அவர் நிலைப்பாடு. கொடுக்கும் பொருளின் அளவன்று, கொடுப்பவர் கேட்டுக் கொடுத்தாரா என்பதே பரிசிலையும் இரப்பையும் பிரிக்கும் கோடு.

தொலைக்காட்சிப் போட்டி கேட்டுத்தான் கொடுக்கிறது. ஆனால் தெருவை விட்டு வந்தவருக்கு மட்டும் கொடுக்கிறது. பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டம் கேட்கவே மறுத்தது. ஆண்டுக்கு ஒருவருக்கு 25 இலட்சம் ரூபாய் தருவது நன்று. ஆனால் மற்ற நாள்களில், மற்ற நடைமேடைகளில், பாடி முடித்த ஒருவர் கை நீட்டும்போதும் அவரைப் பாடகர் என்றே அழைக்கும் சட்டமும் சமூகமும் வேண்டும். அதற்கான சொல் 1994ஆம் ஆண்டிலிருந்தே இந்தியச் சட்டநூலில் இருக்கிறது. அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே தமிழிலும் இருக்கிறது.