பூவின் அருகே போனவர்கள்

நம் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலையில் யாராவது ஒரு பூப்படம் போடுகிறார்கள். பால்கனிச் செம்பருத்தி, மொட்டைமாடித் தொட்டியில் பூத்த ரோஜா, நடைபாதையோர நந்தியாவட்டை. "வெறும் போன்ல எடுத்ததுதாங்க, நல்ல கேமரா இருந்தா இன்னும் அழகா வந்திருக்கும்" என்ற சமாதானமும் கூடவே வரும். அந்தச் சமாதானம் தேவையே இல்லை. பூவை நெருங்கிப் படமெடுத்த முன்னோடிகளின் கதையைக் கேட்டால் நீங்களே ஒப்புக்கொள்வீர்கள்.

இங்கிலாந்தின் அன்னா அட்கின்ஸ் கேமராவே இல்லாமல் தொடங்கினார். இரும்பு உப்புகள் பூசிய தாளின் மேல் செடியை வைத்து வெயிலில் காட்டுவார். பிறகு தண்ணீரில் அலசினால் வெயில் பட்ட இடம் நீலமாகவும், செடி மறைத்த இடம் வெள்ளையாகவும் நிற்கும். 1843-இல் கடற்பாசிகளை இப்படிப் பதிவுசெய்து வெளியிடத் தொடங்கினார். பின்னர் பெரணிகளும் பூச்செடிகளும் வந்தன. ஆனால் கிடைத்தது செடியின் வெளிவடிவம்தான். பூவின் உள்ளே போக இந்த முறையில் வழியில்லை.

அந்த வழியைத் திறந்தவர்களில் ஒருவர் ஜெர்மனியின் கார்ல் ப்ளாஸ்ஃபெல்ட். இளமையில் இரும்பு வார்ப்புப் பட்டறையில் தொழில் பழகியவர். பிறகு பெர்லினில் கலைத்தொழில் பள்ளி ஆசிரியர். செடிகளின் வடிவங்களிலிருந்து மாணவர்கள் பாடம் கற்க வேண்டும் என்பது அவர் எண்ணம். பறித்த செடி வாடிவிடும், படம் வாடாது. அதனால் தானே அமைத்த கேமராவில் மொட்டுகளையும் தளிர்களையும் 30 மடங்கு வரை பெரிதாக்கினார். லென்ஸுக்கும் கண்ணாடித் தகட்டுக்கும் இடையே தூரம் கூடக்கூட உருவம் பெரிதாகும், ஆனால் ஒளி குறையும். எனவே ஒவ்வொரு படத்துக்கும் நெடுநேரம் ஒளி காட்ட வேண்டியிருந்தது.

'எடிட்' செய்வது போன் வந்த பிறகு பிறந்த பழக்கம் என்று நினைக்கிறோம். ப்ளாஸ்ஃபெல்ட் படமெடுக்கும் முன்பே அதைத் தொடங்கிவிடுவார். வேண்டாத இலைகளைக் கத்தரிப்பார், பின்னால் வெறும் அட்டையை நிறுத்துவார். பின்னர் நெகட்டிவையும் திருத்துவார். சுமார் 30 ஆண்டுகள் வகுப்புக்காகவே எடுத்த அந்தப் படங்கள் 1928-இல் நூலானபோது அவர் 60 வயதைக் கடந்திருந்தார். ஆசிரியர் ஒரே ஆண்டில் புகழ்பெற்றுவிட்டார்.

அதே காலத்தில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இமோஜன் கன்னிங்ஹாம் வீட்டோடு கட்டுண்டு கிடந்தார். ஏற்கெனவே ஸ்டுடியோ நடத்திய தொழில்முறைக் கலைஞர் அவர். மூன்று சிறு பையன்கள், அதில் இருவர் இரட்டையர். வெளியே போய்ப் படமெடுக்க முடியாததால் வீட்டுத் தோட்டத்துப் பூக்களிடம் போனார். 1925-இல் அவர் எடுத்த மக்னோலியா படம் இன்றும் பேசப்படுகிறது. மக்னோலியா நம் செண்பகத்துக்கு உறவு. அந்தப் படத்தில் வானமில்லை, கிளையில்லை. இதழ்களும் நடுவே இருக்கும் மகரந்தக் கொத்தும்தான் சட்டம் முழுவதும்.

1929-இல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் நடந்த பெரிய புகைப்படக் கண்காட்சியில் இருவர் படங்களும் இடம்பெற்றன. வகுப்பறையை விட்டு நகராதவர் ஒருவர், வீட்டை விட்டு நகர முடியாதவர் இன்னொருவர்!

கைக்குழந்தையோ, முழங்கால் வலியோ, வயதான பெற்றோரோ நம்மில் பலரையும் வீட்டிலேயே நிறுத்தியிருக்கலாம். பால்கனி வரை போக முடிந்தால் போதும். செம்பருத்தியின் நடுத்தண்டு நுனியில் ஐந்து சிறு குமிழ்கள் இருக்கும். என்றாவது எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? காற்று அடங்கிய காலையில் திரையில் அந்த நுனியைத் தொட்டு ஃபோகஸ் செய்யுங்கள். இவ்வளவு அருகில் போகும்போது சில மில்லிமீட்டர் ஆழம் மட்டுமே தெளிவாக விழும், எனவே எது தெளிவாக வேண்டும் என்று முதலில் முடிவுசெய்யுங்கள். பின்னால் துணிக்கொடி தெரிந்தால் ஒரு சார்ட் அட்டையை நிறுத்துங்கள். எடிட் செய்யும்போது நிறத்தைக் கூட்டுவதை விட, வேண்டாததை வெட்டுவதே பலன் தரும்.

ஒரே ஒரு வேண்டுகோள்: பொதுத் தோட்டத்துப் பூவைப் பறிக்காமல் எடுங்கள். நாளைக்கு அதை எடுக்க இன்னொருவர் வருவார்.