நேட்டால் போனவர்

மாளய அமாவாசையன்று எங்கள் வீட்டுப் படையலில் ஒரு வேட்டி தனியாக வைக்கப்படும். மற்றத் துணிகளையெல்லாம் இன்னாருக்கு என்று பெயர் சொல்லி வைக்கும் ஆயா, அதை மட்டும் "இது நேட்டாலு போனவருக்கு" என்று சொல்லி ஓரமாக வைப்பார். நேட்டால் போனவர் என் கொள்ளுப்பாட்டனாரின் தமையனார். கப்பலேறியவர் வழியில் கடலிலேயே மாண்டார், உடலும் கரைசேரவில்லை என்பது நாங்கள் கேட்டு வளர்ந்த கதை. ஆயா அவ்வீட்டுக்கு மருமகளாக வந்தவர். தாம் கேட்டதையே எங்களுக்குச் சொன்னார்.

அந்த மனிதரை ஆவணங்களில் தேடத் தொடங்கி இரண்டாண்டுகள் ஆகின்றன. அவர் கடலில் மாளவில்லை என்பது இப்போது உறுதியாகிவிட்டது. அக்கதை எப்போது பிறந்தது, எதற்காகப் பிறந்தது என்பனவும் தெரிந்துவிட்டன. இதை எழுதுவதா வேண்டாவா என்று சில மாதங்கள் தயங்கினேன். எங்கள் வீட்டுச் செய்தி மட்டுமாக இருந்தால் எழுதியிருக்க மாட்டேன். பழைய வடார்க்காடு, தென்னார்க்காடு, செங்கற்பட்டு மாவட்டங்களில் இப்படி ஒரு 'போனவர்' பல குடும்பங்களில் உண்டு. தேட நினைப்பவர்க்கு இது பயன்படக்கூடும்.

*

நேட்டால் என்பது இன்றைய தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நேட்டால் மாகாணம். அங்குக் கரும்புத் தோட்டம் வைத்த வெள்ளையர்க்கு ஆள் தேவைப்பட்டது. 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல், நவம்பர் 16ஆம் நாள் 342 பேருடன் டர்பன் துறையை அடைந்தது. 1866இல் இக்குடியேற்றம் நின்றது. ஒப்பந்தம் முடிந்து 1871இல் சென்னை திரும்பியவர்கள் தங்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமைகளை முறையிட்டனர். அதன்பின் ஒரு விசாரணைக் குழு அமைந்தது. இந்தியக் குடியேறிகளுக்கெனப் பாதுகாவலர் ஒருவர் நியமிக்கப்பட்டார். 1874இல் கப்பல்கள் மீண்டும் ஓடின. 1911இல் அடியோடு நிறுத்தப்படும்வரை சென்றவர் தொகை 1,52,184. இவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள்.

இத்தனை பேரையும் எண்ணிச் சொல்ல முடிவதற்குக் காரணம், ஒவ்வொருவருக்கும் ஓர் எண் இட்டுப் பதிவேட்டில் எழுதி வைத்ததே. பெயர், தந்தை பெயர், வயது, பால், சாதி, மாவட்டம், தாலுக்கா, ஊர், உயரம், உடலிலுள்ள அடையாளம், யாரிடம் வேலைக்கு அனுப்பப்பட்டார் என்னும் விவரங்கள் அதில் உள்ளன. உழைப்பை விலைக்கு வாங்கியவர்கள் தங்கள் கணக்குக்காக எழுதிய ஏடு அது. தன் பெயரைத் தானே எழுதத் தெரியாத ஓர் உழவனைப் பற்றி நம் நாட்டில் எந்த ஏடும் அத்தனை விவரம் தராது. ஜாய் பிரெயின் போன்ற வரலாற்றாசிரியர்களின் உழைப்பால் இப்பட்டியல்கள் கணினியில் ஏறி, இன்று யாரும் தேடிப் பார்க்கும் நிலையில் உள்ளன.

ஆயினும் தேடல் எளிதன்று. நம் பெயர்களைக் காதால் கேட்டு ஆங்கிலத்தில் எழுதியவர்க்கு லகர, ளகர, ழகரங்கள் எல்லாம் ஒன்றே. கவுண்டர் என்பது 'கவெண்டர்' ஆனதும், முதலி என்பது 'மூட்லி' ஆனதும் அவ்வாறே. ஊர்ப் பெயர்களின் நிலை இன்னும் மோசம். மாவட்ட எல்லைகளும் மாறிவிட்டன. எங்கள் போளூர் இன்று திருவண்ணாமலை மாவட்டம், அன்று வடார்க்காடு. இது நினைவில் இல்லாமல் முதல் மூன்று மாதங்களை வீணாக்கினேன்.

நேட்டால் போனவரின் பெயர் ஊருக்குப் பத்துப் பேர் வைத்துக்கொள்ளும் பெயர். அப்பெயரில் வடார்க்காட்டிலிருந்து சென்றவர்கள் பலர் பட்டியலில் இருந்தனர். அவர்களில் ஒருவருக்குத் தந்தை பெயர் பொருந்தியது. தாலுக்கா போளூர் என்று ஊகிக்க முடிந்தது. ஊர்ப் பெயர் சிதைந்திருந்தாலும் உரக்கப் படித்தால் எங்கள் ஊராகவே ஒலித்தது. 1899ஆம் ஆண்டு, வயது 22. உடல் அடையாளம் என்ற இடத்தில் இடது முழங்காலுக்குக் கீழே தழும்பு. சிறுவயதில் மாடு குத்திக் காலில் தழும்பு உடையவர் என்று ஆயா சொன்னதுண்டு. அந்த வரியைப் படித்தபின் அன்று வேறெதுவும் செய்ய முடியவில்லை.

பட்டியலில் அவர் எண்ணுக்கு நேரே ஒரு தோட்ட முதலாளியின் பெயர் இருந்தது. அதாவது அவர் டர்பனில் இறங்கியிருக்கிறார், வேலைக்கும் அனுப்பப்பட்டிருக்கிறார்.

*

இதன் பிறகுதான் ஊருக்குச் சென்று பரணிலிருந்த தகரப் பெட்டியை இறக்கினேன். அதிலிருந்த தாள்களில் மூன்று இவரோடு தொடர்புடையவை.

முதலாவது, 1898ஆம் ஆண்டுக் கடன் பத்திரம். சகோதரர் இருவரும் சேர்ந்து வாங்கிய கடன். அவர் ஏன் போனார் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இரண்டாவது, 1906ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பதிவான கிரயப் பத்திரம். எழுதிக் கொடுத்தவர் என் கொள்ளுப்பாட்டனார். பொதுவில் இருந்த நிலத்தில் ஒரு பகுதியை அவர் விற்கிறார். தமையனார் அக்கரைச் சீமைக்குப் போய்ச் சந்ததியின்றிக் காலமாகிவிட்டபடியால் முழுச் சொத்தும் தமக்கே உரியது என்று அதில் எழுதியிருக்கிறார்.

ஏன் 1906? 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தில் 108ஆம் பிரிவு என ஒன்று இருந்தது. ஒருவர் உயிரோடிருந்தால் அவரைப் பற்றி இயல்பாக அறிந்திருக்கக்கூடியவர்கள் ஏழாண்டுகள் ஒரு செய்தியும் கேள்விப்படவில்லை என்றால், அவர் உயிரோடிருக்கிறார் என்று சொல்பவரே அதை மெய்ப்பிக்க வேண்டும். 1899உடன் ஏழைக் கூட்டினால் 1906. நிலத்தை வாங்கியவரோ பத்திரம் எழுதியவரோ இந்தக் கணக்கைச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். பதிவு அலுவலர் பார்ப்பது எழுதிக் கொடுத்தவர் அவர்தானா என்பதையே. எழுதியது மெய்யா என்று ஆராய்வது அவர் வேலையன்று.

இதுவரையில் கொள்ளுப்பாட்டனாரைக் குறை சொல்ல இடமில்லை. ஏழாண்டு செய்தியில்லை, கடன் கழுத்தை நெரிக்கிறது, இறந்திருப்பார் என்று நம்பியிருக்கலாம். மூன்றாவது தாள்தான் அதற்கு இடம் தரவில்லை.

அது ஓர் உறையிலிருந்த கடிதம். செல்லரித்து, பாதி உதிர்ந்துவிட்டது. உறையின்மேல் எட்வர்டு மன்னரின் தலை பொறித்த நேட்டால் அஞ்சல்தலை. கிரயப் பத்திரத்தின் முத்திரைத்தாளிலும் அதே மன்னரின் தலை. அஞ்சல் முத்திரையில் ஆண்டு தெளிவாக இருந்தது: 1905.

கையெழுத்து பழகிய கை. அவருக்காக வேறு யாரோ எழுதியது. படிக்க முடிந்த வரிகளின் பொருள் இது: ஐந்து வருடம் முடிந்துவிட்டது, மறுபடியும் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்திருக்கிறேன், ஒரு சம்சாரமும் ஆண்பிள்ளையும் உண்டு, அவள் நம்முடைய சாதியில்லை, மூவரும் வந்தால் வீட்டில் சேர்த்துக்கொள்வீர்களா, தம்பி பதில் எழுதவும்.

பதில் போகவில்லை என்பதற்கு அடுத்த ஆண்டுப் பத்திரமே சான்று.

*

அவர் மீண்டும் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்ததன் காரணத்தை நேட்டாலின் சட்டங்களில் காணலாம். 1895ஆம் ஆண்டுச் சட்டப்படி, அதன்பின் வந்த கூலியாட்கள் ஐந்தாண்டு முடிந்ததும் ஊர் திரும்ப வேண்டும், அல்லது மறு ஒப்பந்தம் செய்ய வேண்டும். இரண்டும் இன்றி அங்கே தங்க விரும்பினால் ஆண்டுதோறும் மூன்று பவுன் வரி கட்ட வேண்டும். முதலாண்டில் மாதக் கூலி 10 ஷில்லிங். ஆண்டுக்கொரு ஷில்லிங் கூடி ஐந்தாமாண்டில் 14. மூன்று பவுன் என்பது 60 ஷில்லிங். முதலாண்டுக் கூலியில் ஆறு மாதம். 1913இல் காந்தியடிகள் தலைமையில் கூலியாட்கள் வேலைநிறுத்தம் செய்தது இவ்வரியை எதிர்த்து. 1914இல் அது நீக்கப்பட்டது. தில்லையாடி வள்ளியம்மை சிறை சென்று உயிர் நீத்ததும் அப்போராட்டத்தில்தான்.

ஊர் திரும்ப இலவசக் கப்பல் இருந்தது. வரியும் இல்லை, செலவும் இல்லை. அவர் வராததற்குக் கப்பல் காரணமன்று என்பதைக் கடிதம் சொல்லிவிட்டது.

டர்பனில் வாழும் தமிழன்பர் ஒருவர் என் வேண்டுகோளை ஏற்று, ஆவணக் காப்பகத்தில் தேடி இரண்டு படிகளை அனுப்பினார். ஒன்று, பாதுகாவலர் அலுவலகத்தின் திருமணப் பதிவு, 1903. மணமகளும் எண் பெற்று வந்தவளே. அவ்வெண்ணைக் கொண்டு கப்பற்பட்டியலில் தேடினேன். விசாகப்பட்டினம் மாவட்டம், வயது 18, உடன் வந்தவர் எவருமில்லை. சாதி என்ற இடத்தில் இருந்தது, அன்று எங்கள் ஊரார் வீட்டுப் படியேற விடாத சாதி. கடல்கடந்து செல்லும் பிரிவில் மகளிரை உடன் கொண்டு போகும் வழக்கமில்லை என்று தொல்காப்பியம் சொல்வதை ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறேன். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் என்று விகிதம் வைத்து ஆள் சேர்த்த காலத்தில், பதினெட்டு வயதில் தனியாகக் கடல் கடந்த ஒருத்தி எங்கள் குடும்பத்திலேயே இருந்தாள் என்பதை இப்போதுதான் அறிகிறேன்.

மற்றொன்று மரண அறிவிப்புப் படிவம், 1931. தொழில், காய்கறித் தோட்டம். மக்கள் நால்வர். தந்தை பெயர் எழுதும் இடத்தில் என் எள்ளுப்பாட்டனாரின் பெயர், எழுத்துப் பிழையுடன். அவர் மக்களுக்கு அவருடைய பெயரே குடும்பப் பெயராகிவிட்டது. இங்கே நாங்கள் சொல்லாமல் விட்ட பெயரை அங்கே ஒரு குடும்பமே சுமந்துகொண்டிருக்கிறது.

1906க்கும் 1931க்கும் இடையே இருபத்தைந்து ஆண்டுகள். உயிரோடிருந்த ஒருவருக்கு அத்தனை ஆண்டுகளும் இங்கே படையல் வைத்திருக்கிறோம்.

*

ஒரே சுவடியை நம்பிப் பதிப்பிக்கக் கூடாது என்பது உ.வே.சாமிநாதையர் போன்றோரிடம் நாம் கற்ற பாடம். குடும்ப வரலாற்றுக்கும் அது பொருந்தும். எங்கள் வீட்டு நினைவு பொய் சொன்னது. முறையாகப் பதிவான பத்திரமும் பொய் சொன்னது. கூலிக் கணக்குக்காக அயலார் எழுதிய ஏடு ஊர்ப் பெயரைத் தப்பாக எழுதியும் உண்மையைச் சொன்னது. ஆனால் அந்த ஏடு மட்டும் இருந்திருந்தால், அவர் ஊருக்கு வர விரும்பினார் என்பது தெரிந்திராது. அதைச் சொன்னது வீட்டுப் பெட்டியே.

கொள்ளுப்பாட்டனாரை என்ன சொல்வது? அந்நிலம் விற்ற பணத்தில் கடன் தீர்ந்தது. மீந்த நிலத்தின் வருவாயில் என் தாத்தா பள்ளிக்குப் போனார்; அவர் வழியில் என் தந்தை, அவர் வழியில் நான். அந்தப் பத்திரத்தின் பயனை உண்டவன் என்ற முறையில் அவரைப் பழிக்கும் தகுதி எனக்கில்லை. ஒன்று மட்டும் என்னை விடாமல் உறுத்துகிறது. தமையன் உயிரோடிருந்ததற்கான ஒரே சான்றை அவர் அடுப்பில் போட்டிருக்கலாம். போடவில்லை. பத்திரம் வைத்த அதே பெட்டியில் வைத்தார். படையலில் அந்த வேட்டியை முதன்முதலில் வைத்தவரும் அவர்தான் என்று ஆயா சொல்லியிருக்கிறார்.

டர்பனில் அவருடைய கொள்ளுப்பேரன் இருக்கிறார். என்னினும் மூத்தவர், எனக்கு அண்ணன் முறை. தம் முன்னோரின் ஊர் எது என்று அறியாமல் அவர்களும் தேடிக்கொண்டிருந்தார்களாம். கடிதத்தின் படியை மட்டும் அனுப்பலாம் என்று வீட்டில் சிலர் சொன்னார்கள். பத்திரத்தின் படியையும் சேர்த்தே அனுப்பினேன். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஆகவே இரண்டையும் வரிவரியாக ஆங்கிலத்தில் பெயர்த்து, எதையும் விடாமல், உடன் வைத்தேன். வரும் தை மாதம் ஊரைப் பார்க்க வருவதாக எழுதியிருக்கிறார். நிலம் எங்கே இருந்தது என்று காட்ட வேண்டுமாம்.